பாடியவரும் பின்னால் நின்று வாசித்தவரும்: கொழும்புத் தமிழ்ப் பொப்பிசையின் எழுதப்படாத சுயசரிதைகள்

ரொக் இசைக்குழுக்களின் வரலாற்றில், முன்னால் நின்று புகழ்பெற்றவரின் நூலைவிடப் பின்னால் நின்று வாசித்தவரின் நூல் அதிகத் தெளிவைத் தந்த சந்தர்ப்பங்கள் பல உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிற்றார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ், ஜேம்ஸ் ஃபொக்ஸ் என்ற பத்திரிகையாளரின் துணையோடு 2010இல் வெளியிட்ட ‘லைஃப்’ உலகெங்கும் பெரும் விற்பனை கண்டது. ஆயினும் அக்குழு எப்படி உருவாகி எப்படிப் பிழைத்தது என்பதை அறிய விரும்புவோர், அதன் பேஸ் கிற்றார் கலைஞர் பில் வைமன் தம் நாட்குறிப்புகளையும் கணக்குகளையும் கொண்டு 1990இல் எழுதிய ‘ஸ்டோன் அலோன்’ நூலையே நாட வேண்டியுள்ளது. பிங்க் ஃபுளொய்ட் குழுவில் தொடக்கம் முதல் இறுதிவரை இருந்த ஒரே உறுப்பினரான ட்ரம் கலைஞர் நிக் மேசன் 2004இல் அக்குழுவின் வரலாற்றை எழுதியதும் இவ்வகையைச் சார்ந்ததே. எந்த இசைக் கலைஞரின் சுயசரிதையை ரசிகர்கள் மிகவும் விரும்புவர் என்ற கேள்வியைக் கொழும்பின் தமிழ்ப் பொப்பிசைக்குப் பொருத்திப் பார்க்கும்போது, ரசிகரின் விருப்பமும் வரலாற்றின் தேவையும் இரு வேறு திசைகளில் செல்வது புலப்படும்.

பொப்பிசை என்று இலங்கைத் தமிழர் வழங்குவது, 1960களின் இறுதியிலும் 1970களிலும் செழித்த மெல்லிசை வகையாகும். கிற்றார், பொங்கோ, ட்ரம் ஆகிய கருவிகளோடு, பேச்சுத் தமிழில், கேலியும் துள்ளலும் கலந்து பாடப்பட்டது. இதன் தாளத்துக்கு மூலமாக அமைந்த பைலா, போர்த்துக்கேயர் ஆட்சிக் காலத்தில் இலங்கைக்கு வந்த ஆபிரிக்க வழியினரான காப்பிரியரிடமும் போர்த்துக்கேய வழியினரான பறங்கியரிடமும் வளர்ந்த ஆடற்பாட்டு வகையாகும். பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்டியன், 1940களின் பிற்பகுதியில் அதைச் சிங்களச் சொற்களுக்கு இசைவாக்கி மேடையேற்றினார். 1966இல் இரத்தினபுரியில் கிளரன்ஸ் விஜேவர்தன, அனஸ்லி மாலேவன ஆகியோர் தொடங்கிய மூன்ஸ்டோன்ஸ் குழு, மின் கிற்றாரைச் சிங்களப் பாட்டின் இயல்பான கருவியாக்கியது. தமிழ்ப் பொப்பிசை இவற்றின் அருகிலேயே, கொழும்பு நகரத்தின் மேடைகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் பிறந்தது.

அந்த நகரத்தின் இரு முனைகள் இவ்விசைக்கு இரு வேறு கொடைகளை வழங்கின. வடக்கே துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனை, கத்தோலிக்கத் தமிழர், கொழும்புச் செட்டிகள், பரதர், இந்திய வம்சாவளியினர், முஸ்லிம்கள், சிங்களவர் எனப் பலரும் நெருங்கி வாழ்ந்த பகுதியாகும். புனித லூசியாள் பேராலயமும், 1865இல் தொடங்கிய புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியும், அருகே கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலமும் இருந்தமையால், திருப்பலிப் பாடகர் குழுவும் திருவிழா பாண்ட் வாத்தியமும் அங்கு அன்றாட ஒலியின் பகுதியாயின. கோவில் பாடகர் குழுவில் மேற்கத்திய இசைக்குறியீட்டை, அதாவது ஐந்து கோடுகளில் சுரங்களைக் குறிக்கும் முறையை, வாசிக்கப் பழகிய இளைஞர் ஒருவருக்கு நடன மண்டபமும் ஒலிப்பதிவுக் கூடமும் தொலைவில் இருக்கவில்லை. தெற்கே வெள்ளவத்தை, காலி வீதியை முதுகெலும்பாகக் கொண்டு யாழ்ப்பாணத்து அரச ஊழியர் குடும்பங்கள் செறிந்த நடுத்தர வர்க்கப் பகுதியாக வளர்ந்தது. இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும், வீட்டுக்கு வீடு நடந்த வீணை, வாய்ப்பாட்டு வகுப்புகளும் ஒருபுறமிருக்க, ஆங்கிலப் படங்கள் ஓடிய சவோய் திரையரங்கு மறுபுறம் நின்றது. கொட்டாஞ்சேனை இவ்விசைக்கு வாசிக்கும் கைகளைத் தந்தது என்றால், வெள்ளவத்தை அதைக் கேட்டு நுழைவுச்சீட்டு வாங்கும் கூட்டத்தைத் தந்தது எனலாம்.

இசையைப் பற்றி அரச ஆவணங்கள் பேசிய விதம் கொட்டாஞ்சேனையில் முன்பே வெளிப்பட்டிருந்தது. 1883 மார்ச் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, தீபதுத்தாராம விகாரையை நோக்கி மேளதாளத்துடன் சென்ற பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மூண்ட கலவரம் பற்றி விசாரணையும் கடிதப் போக்குவரத்தும் ஏராளமாக உள்ளன. ஆனால் அவற்றில் மேளம் பொது ஒழுங்குக்குரிய சிக்கலாகவே இடம்பெறுகிறது, அதை வாசித்தவர் கலைஞராக இடம்பெறுவதில்லை. இசைக் கலைஞரின் வாழ்வை அறிய அரச காப்பகம் போதாது, அவர் தாமே எழுதியோ சொல்லியோ வைக்க வேண்டும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

பொப்பிசைக்கு ஊரெங்கும் காது கொடுத்தது வானொலி. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 செப்டம்பரில் தொடங்கியது. 1967இல் வானொலி இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. அதன் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாட்டு நேயர்களும் விரும்பிக் கேட்டனர். 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு இறக்குமதியை இறுக்கி, இந்தியச் சஞ்சிகைகளையும் திரைப்படங்களையும் கட்டுப்படுத்தியபோது, உள்ளூர் எழுத்துக்கும் படத்துக்கும் பாட்டுக்கும் எதிர்பாராத இடம் கிடைத்தது. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் அதே இடத்தைச் சுருக்கியது. ஒலிநாடாக் கருவிகள் மலிந்து, தெருவுக்குத் தெரு ‘ரெக்கோடிங் பார்’ எனப்பட்ட பாட்டுப் பதிவுக் கடைகள் தோன்றி, சென்னைத் திரையிசையை உடனுக்குடன் வீட்டுக்குக் கொண்டுவந்தன. ஆகவே தமிழ்ப் பொப்பிசையின் பொற்காலம் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது.

அக்காலத்தில் ரசிகர் மனத்தில் முதலிடம் பெற்றவர் ஏ. ஈ. மனோகரன். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று விளம்பரத் தாள்களிலும் மேடை அறிவிப்புகளிலும் அழைக்கப்பட்ட அவர், செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ படத்தில் நடித்தார். பின்னர் சென்னை சென்று ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரில் தென்னிந்தியப் படங்களில் வில்லனாகத் தோன்றினார். 2018 ஜனவரி 22ஆம் திகதி அங்கேயே காலமானார். அவரது ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் புரளும் பாட்டு. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின் மொழியே அரசியலாகிவிட்ட நாட்டில், இரு மொழியினரும் சேர்ந்து ஆடும் பாட்டாக அது நிலைத்தது. 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் அது மறுபிறவி எடுத்தது. மனோகரன் தம் கதையை விரிவாக எழுதியிருந்தால், எந்த மேடையில் எந்தக் கூட்டத்துக்கு முன் அப்பாட்டு வடிவம் பெற்றது, கடல் கடந்த மெட்டுக்கு உரிமையும் ஊதியமும் யாருக்குச் சென்றன, கொழும்பின் நாயகன் சென்னையில் எதிர்நாயகன் ஆனதை அவர் எவ்வாறு ஏற்றுக்கொண்டார் என்பவற்றை அறிய ரசிகர்கள் முண்டியடித்திருப்பர்.

இரண்டாவதாக விரும்பப்படுவது, தமிழ்ப் பொப்பிசையின் முன்னோடி எனப் போற்றப்படும் நித்தி கனகரத்தினத்தின் கதையாகும். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கை மாற்றாமல், குடி, சீதனம், வெளிநாட்டு மோகம் ஆகியவற்றைக் கேலிக்குள்ளாக்கிய அவருடைய ‘சின்ன மாமியே’ போன்ற பாட்டுகள், ஊர்ச் சந்தியில் சொல்லும் நையாண்டியைக் கிற்றாரின் தாளத்தில் ஏற்றின. பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவில் குடியேறிய அவரது வாழ்க்கை, ஊர்ப் பேச்சைப் பாட்டாக்கியவரே ஊரைவிட்டுச் செல்ல நேர்ந்த ஒரு தலைமுறையின் வாழ்க்கையுமாகும்.

எனினும் இவ்விருவரின் குரலும் இசைத்தட்டில் இருக்கிறது. அவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, வானொலி பேட்டி கண்டது. வரலாறு அறியாதது அவர்களுக்குப் பின்னால் நின்ற வாத்தியக்காரர்களின் உலகத்தையே. தமிழ்ப் பாடகருக்குத் துணை வாசித்தவர் பல வேளைகளில் சிங்களப் படத்தின் பாடல் பதிவிலும் வாசித்தவராக இருந்தார். நாகர்கோவிலில் பிறந்து கொழும்புக்கு வந்த வயலின் கலைஞர் ஆர். முத்துசாமி சிங்களத் திரைப்படங்களின் முதன்மை இசையமைப்பாளர்களுள் ஒருவரானதும், சாக்சபோன் கலைஞர் எம். கே. ரொக்சாமி சிங்கள மெல்லிசையில் நிலைத்த இடம் பெற்றதும் இந்தக் கலப்பின் வெளித்தெரிந்த முகங்கள். பெயர் அச்சேறாத வாத்தியக்காரர்களே இதன் பெரும்பகுதி.

அவர்கள் மட்டுமே சொல்லக்கூடியது எத்தகையது என்பதற்குத் தாளம் நல்ல எடுத்துக்காட்டு. பைலாவின் ஓட்டத்தில் ஆறு சிற்றெண்ணிக்கைகள் ஒரு சுற்றாக வருகின்றன. அவற்றை மூன்று மூன்றாகப் பிரித்தால் இரண்டு அழுத்தங்களும், இரண்டிரண்டாகப் பிரித்தால் மூன்று அழுத்தங்களும் கிடைக்கும். ஒரு வாத்தியம் ஒரு பிரிவையும் மற்றது மறு பிரிவையும் பற்றிக்கொள்ளும்போது, கேட்பவரின் கால் எதைப் பின்பற்றுவது என்று தடுமாறி ஆடத் தொடங்குகிறது. தமிழ்க் கும்மியும் மூன்று எண்ணிக்கை கொண்ட திஸ்ர நடையில் நடப்பதாகையால், இந்தத் துள்ளல் தமிழ்க் காதுக்கு அந்நியமாகப் படவில்லை. பெரும்பாலான பாட்டுகளுக்கு மூன்று சுரக்கூட்டுகளே, அதாவது கிற்றாரில் ஒரே நேரத்தில் மீட்டப்படும் சுரத்தொகுதிகளே, போதுமாயிருந்தன. ஆகவே பாட்டுக்குப் பாட்டு வேறுபாட்டைக் காட்டும் பொறுப்பு தாளக்காரரின் கையில் விழுந்தது. எந்தப் பாட்டில் எந்த அடியை யார் புகுத்தினார், ஒரு பதிவுக்கு எவ்வளவு கூலி, கலியாண வீட்டுக்கு எவ்வளவு என்பவற்றை இசைத்தட்டின் உறை சொல்வதில்லை.

இந்த இழப்பை 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக மூண்ட வன்செயல் நிரந்தரமாக்கியது. வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வீட்டுக்குள் இருந்த இசைத்தட்டு, நிழற்படம், கடிதம், கச்சேரி அறிவிப்புத் தாள் எதுவும் அவற்றிலிருந்து வேறாகத் தப்பவில்லை. ஹெந்தளையில் திரைப்படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ படச்சுருள்களோடு தீக்கிரையாயிற்று. வாத்தியக்காரரும் ரசிகரும் சென்னைக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் சிதறினர். ஈழத்துத் தமிழ்ச் சினிமாவுக்குத் தம்பிஐயா தேவதாஸ் ‘இலங்கைத் தமிழ் சினிமாவின் கதை’ நூலில் ஒரு கோவையை உருவாக்கினார். இலக்கிய உலகில் டொமினிக் ஜீவா ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்று தம் வாழ்க்கையையே எழுதினார். பொப்பிசையின் வாத்தியக்காரருக்கு அத்தகைய நூல் வாய்க்கவில்லை.

1970களில் இருபதுகளில் இருந்த கலைஞர்கள் இன்று பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள். எழுதும் பழக்கம் இல்லாதவரிடம் நூலை எதிர்பார்ப்பதைவிட, கீத் ரிச்சர்ட்ஸ் செய்ததைப் போல அருகில் அமர்ந்து கேட்டு எழுதும் ஒருவரை ஏற்படுத்துவதே நடைமுறைக்கு உகந்தது. 2005 முதல் ஈழத்து அச்சுப் படைப்புகளை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம், வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளுக்கும் வழியமைத்துள்ளது. அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் காதல், புகழ் பற்றியவை அல்ல. யாரிடம் பழகினீர்கள், எந்தக் குழுவில் யார் யார் வாசித்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், 1983க்குப் பிறகு வாத்தியம் என்னவாயிற்று என்பவையே. ரசிகர் கேட்பது மனோகரனின் நூலை. அது இனி அவர் கையால் வராது. கொட்டாஞ்சேனையில் பொங்கோ பழகி வெள்ளவத்தை மேடையில் வாசித்தவரின் நூல் இன்னமும் வரக்கூடியது, அந்நூலிலேயே மனோகரனும் முழு உருவில் காணக் கிடைப்பார்.