ஒரு படத்தின் விலை: லேண்ட்சாட் தரவும் அதைக் கையாண்ட தொழில்களும், 1972–2023

வரிப்பணத்தில் திரட்டிய தரவை அரசு விற்கலாமா? விற்கலாம் என்போரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பயன்படுத்துகிறவர் காசு கொடுக்கட்டும், அதைக் கண்ணாலும் பார்க்காத வரிசெலுத்துநர் ஏன் சுமக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். தனியார் நிறுவனம் ஒன்று அந்தத் தரவிலிருந்து லாபம் பார்க்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இந்த வாதம் நடைமுறையில் முழுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் அமெரிக்காவின் லேண்ட்சாட் திட்டம். ஒரே வகைத் தரவை ஒரே நாடு முதலில் குறைந்த கட்டணத்துக்கும், பிறகு தனியார் விலைக்கும், அடுத்து அடக்க விலைக்கும், கடைசியில் விலையில்லாமலும் கொடுத்துப் பார்த்தது. விலை கூடுதலாக இருந்ததால் வாங்குவோர் குறைந்தனர் என்பது தெரிந்த செய்தி. படம் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை வைத்த முறையே அந்தத் தரவின் பெரும் பொருளாதார மதிப்பை வெளிவரவிடாமல் தடுத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1966இல் அமெரிக்க உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால், பூமியின் வளங்களை விண்ணிலிருந்து கண்காணிக்கும் திட்டத்தை அறிவித்தார். அதன் பின்னணியில் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் தலைவர் வில்லியம் பெகோரா இருந்தார். முதல் செயற்கைக்கோளை 1972 ஜூலை 23 அன்று நாசா ஏவியது. லேண்ட்சாட் என்ற பெயர் 1975இல்தான் வந்தது. படங்கள் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகருக்கு அருகிலுள்ள மையத்தில் சேமிக்கப்பட்டு, குறைந்த கட்டணத்துக்கு யாருக்கும் கிடைத்தன. இந்தியாவும் தொடக்கத்திலேயே இதில் சேர்ந்தது. ஹைதராபாத்தை அடுத்த ஷாத்நகரில் 1979இல் அமைந்த தரைநிலையம் லேண்ட்சாட் படங்களை நேரடியாகப் பெற்றது.

திட்டத்தைக் காலப்போக்கில் தனியாரிடம் ஒப்படைப்பது என்ற எண்ணம் கார்ட்டர் ஆட்சியில் 1979இலேயே கொள்கையாகிவிட்டது. ரீகன் ஆட்சி அதை விரைவுபடுத்தியது. 1984இல் வணிகமயமாக்கல் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஹியூஸ், ஆர்சிஏ ஆகிய நிறுவனங்களின் கூட்டான ஈயோசாட் விற்பனை உரிமையைப் பெற்றது. 30 மீட்டர் துல்லியம் கொண்ட ஒரு படத்தின் விலை 4,400 டாலர் வரை உயர்ந்தது. வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கொடுக்கவும் தடை இருந்தது.

எதிர்பார்த்த சந்தை உருவாகவில்லை. பல்கலைக்கழகங்கள் படம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டன. 1989இல் இயக்கச் செலவுக்கு நிதி இல்லாமல், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்களையே அணைத்துவிடச் சொல்லும் நிலை வந்தது. பயனாளர்களின் எதிர்ப்பும் துணை அதிபர் டான் குவேலின் தலையீடும் அதைத் தடுத்தன. இவற்றைவிடப் பெரிய இழப்பு வேறு. வாங்க ஆள் இருக்கும் இடங்களை மட்டும் படம் எடுப்பது ஒரு வணிக நிறுவனத்துக்கு இயல்பு. அதனால் உலகின் பல பகுதிகளுக்கு 1980களின் பின்பாதியிலும் 1990களிலும் சேமிப்பில் பெரிய இடைவெளிகள் உண்டு. எடுக்காமல் விட்ட படத்தை இன்று எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. இந்த இழப்பை எந்தக் கணக்கேட்டிலும் காணவில்லை. நிதி அமைச்சகங்கள் தரவின் விலையைப் பற்றிப் பேசும்போது முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுதான் என்பேன்.

வளைகுடாப் போரில் அமெரிக்க ராணுவமே லேண்ட்சாட் படங்களைப் பெரிய அளவில் பயன்படுத்தியபின் காற்று திசைமாறியது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் திட்டத்தை மீண்டும் அரசின் கைக்குக் கொண்டுவந்தது. கேட்டவருக்குப் படம் அனுப்ப ஆகும் செலவை மட்டும் வசூலிக்கலாம் என்றது. லேண்ட்சாட் 6 சுற்றுப்பாதையை எட்டாமல் வீணானது. 1999 ஏப்ரலில் ஏவப்பட்ட லேண்ட்சாட் 7இன் படம் ஒன்று 600 டாலருக்குக் கிடைத்தது. யாருக்கும் நகல் கொடுக்கலாம். விற்பனை உச்சத்திலிருந்த 2001இல் ஆண்டுக்குச் சுமார் 25,000 படங்கள் போயின. எல்லாவற்றுக்கும் 600 டாலர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மொத்த வரவு ஒன்றரைக் கோடி டாலர்தான். பின்னாளில் ஏவிய லேண்ட்சாட் 8க்கு ஆன செலவு 85 கோடி டாலரைத் தாண்டியது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

விலை எப்படித் தடையானது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். லேண்ட்சாட் ஒரே இடத்துக்கு மேலே 16 நாளைக்கு ஒருமுறை வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 23 படம், பத்தாண்டுக்கு 228. ஓர் ஏரிப் பாசனப் பகுதியில் பத்தாண்டில் பயிர்ப்பரப்பு எப்படி மாறியது என்று அறிய விரும்பும் காப்பீட்டு நிறுவனம், ஈயோசாட் விலையில் பத்து லட்சம் டாலர் கொடுத்திருக்க வேண்டும். 600 டாலர் விலையிலும் 1,36,800 டாலர். அதில் பாதிப் படங்களை மேகம் மறைத்திருக்கும். எனவே மேகம் குறைந்த ஒரு படத்தைத் தேடிப்பிடித்து வாங்குவதே எல்லோருக்கும் வழக்கமானது. ஆராய்ச்சி முறைகளும் அதற்கேற்ப, ஒன்றிரண்டு படங்களை ஒப்பிடுவதாகவே வளர்ந்தன. நிலம் மாறும் வேகத்தை அறியத் தொடர்ச்சியான படங்கள் வேண்டும்; அந்தத் தொடர்ச்சியை வாங்குவதற்கு மட்டும் யாருக்கும் வசதி இல்லை.

2004இல் பிரேசில், சீனாவுடன் சேர்ந்து ஏவிய சிபெர்ஸ் செயற்கைக்கோளின் படங்களைத் தன் மக்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. 2008இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமும் லேண்ட்சாட் சேமிப்பைத் திறப்பதாக அறிவித்தது. 2009 தொடக்கத்தில் 1972 முதலான சேமிப்பு முழுவதும் இணையத்தில் விலையின்றிக் கிடைத்தது. முதல் ஓராண்டிலேயே பத்து லட்சம் படங்களுக்கு மேல் இறக்கப்பட்டன. எண்ணிக்கையைவிடப் பயன்பாட்டு முறை மாறியதே முக்கியம். மேகமுள்ள படத்தையும் யாரும் ஒதுக்கவில்லை. நூறு படங்களை அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் மேகமில்லாத நாளின் மதிப்பை மட்டும் எடுத்து, ஒரு தெளிவான படத்தைத் தைக்கும் முறை பரவியது. 2010இல் கூகுள் தொடங்கிய எர்த் எஞ்சின் இந்தச் சேமிப்பின் மேல் எழுந்தது. 2013இல் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு ஆறரை லட்சம் படங்களைக் கொண்டு உலகக் காடுகளின் மாற்றத்தை 30 மீட்டர் அளவில் வரைந்தது. பழைய 600 டாலர் விலையில் அந்த ஒரு வேலைக்கே 39 கோடி டாலர் ஆகியிருக்கும்.

தொழில்கள் இதை எப்படிப் பயன்படுத்தின என்பதற்கு ஐடஹோ மாநிலம் நல்ல சான்று. வறண்ட அமெரிக்க மேற்கில் தண்ணீர் ஒரு சொத்துரிமை. யார் எவ்வளவு எடுத்தார் என்பது நீதிமன்றம் வரை போகும். ஒவ்வொரு கிணற்றிலும் அளவுமானி பொருத்துவது செலவு மிகுந்த வேலை. ஐடஹோ பல்கலைக்கழகத்தினர் லேண்ட்சாட்டின் வெப்பப் பட்டையைக் கொண்டு வேறு வழி கண்டனர். நீர் பாய்ந்த வயலில் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அது பக்கத்துத் தரிசைவிடக் குளிர்ந்திருக்கும். அந்த வெப்ப வேறுபாட்டிலிருந்து வயல் வயலாகச் செலவான நீரைக் கணக்கிடலாம். மெட்ரிக் எனப்படும் இம்முறையை மாநில நீர்வளத் துறை நிர்வாகத்திலேயே பயன்படுத்தியது. லேண்ட்சாட் 8இன் திட்டத்திலிருந்து வெப்ப உணரி நீக்கப்பட்டபோது, மேற்கு மாநிலங்களின் நீர் நிர்வாகிகள் போராடி அதைத் திரும்பச் சேர்க்கவைத்தனர். கலிபோர்னியாவின் கேலோ ஒயின் நிறுவனமும் திராட்சைத் தோட்டப் பாசனத்தைத் திட்டமிட இதே படங்களை நாடியது. செயற்கைக்கோளை வடிவமைத்தவர்கள் யாரும் 1972இல் திராட்சைக் கொடியின் தாகத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.

மதிப்பை எண்ணில் சொல்ல முயன்றவர்களும் உண்டு. புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பொருளாதார அறிஞர்கள், படத்துக்கு விலை இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று பயனாளர்களிடமே கேட்டுக் கணக்கிட்டனர். 2011ஆம் ஆண்டுக்கான மதிப்பு 219 கோடி டாலர் என்றும், 2017க்கு 345 கோடி டாலர் என்றும் வந்தது. 2017ஆம் ஆண்டுத் தொகையில் 206 கோடி அமெரிக்கப் பயனாளர்களுடையது. இந்த எண்களை நிதானத்துடன் படிக்க வேண்டும். இவை நிறுவனங்களின் வருமானமோ வேலைவாய்ப்போ அல்ல. நேரடியாகப் படம் இறக்கியவர்கள் அடைந்த நன்மையின் மதிப்பீடு. அவர்களிடமிருந்து தகவல் வாங்கிய விவசாயியும் வங்கியும் இதில் இல்லை. அந்த வகையில் எண் குறைவானது. மறுபுறம், காசு கேட்காத இடத்தில் மனிதர்கள் தாராளமாகச் சொல்வார்கள் என்ற ஐயமும் நியாயமே. இரண்டையும் கழித்தாலும், ஒன்றரைக் கோடிக்கும் முந்நூறு கோடிக்கும் இடைப்பட்ட தூரம் கணக்குப் பிழையால் வரக்கூடியது அல்ல.

நன்மை யாருக்குக் கூடுதலாகச் சேர்ந்தது என்ற கேள்வியை இந்த மதிப்பீடுகள் தொடவில்லை. லட்சக்கணக்கான படங்களைக் கையாளும் கணினி ஆற்றல் சில பெருநிறுவனங்களிடமே இருக்கிறது. சிறு நிறுவனங்கள் அவர்களின் தளத்தில் வாடகைக்கு வேலை செய்கின்றன. கட்டணம் இதற்குத் தீர்வாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டணம் முதலில் வெளியே தள்ளுவது சிறியவர்களைத்தான் என்பதை 1980கள் காட்டிவிட்டன. ஆயினும் 2018இல் அமெரிக்க உள்துறை கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி ஆராயச் சொன்னது. ஆலோசனைக் குழு இலவசக் கொள்கையே தொடரட்டும் என்று பரிந்துரைத்தது.

இதற்குள் ஐரோப்பிய ஒன்றியம் தன் சென்டினல் வரிசைப் படங்களை முதலிலிருந்தே இலவசமாக வெளியிட்டது. இந்தியா 2023ஆம் ஆண்டு விண்வெளிக் கொள்கையையொட்டி, 5 மீட்டரும் அதற்கு மேலுமான துல்லிய அளவுகொண்ட தன் படங்களை எல்லோருக்கும் திறந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே இந்த மாற்றத்தின் பலன் வயலுக்கு வந்திருந்தது. வடகிழக்குப் பருவ மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ராடார் படங்களைக் கொண்டு, கோவை வேளாண் பல்கலைக்கழகம் நெல் பயிரிட்ட பரப்பை மதிப்பிட்டது. 2016–17 வறட்சியின்போது பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டுக்கு அந்த மதிப்பீடு உதவியது. அந்தப் படங்களுக்கான செலவு முழுவதையும் ஏற்றவர்கள் ஐரோப்பிய வரிசெலுத்துநர்கள்.