கருவி தாங்கும் இடைக்கச்சை: மறைந்துபோகும் ஒரு சான்று

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கல்லையும் உலோகத்தையும் கொண்டே எழுதப்படுகின்றது. அக்கருவிகளை மனிதர் தம் உடலில் எவ்வாறு தாங்கிச் சென்றனர் என்பது ஆராயப்படுவது அரிது. தோலும் நாரும் மண்ணில் மக்கிவிடுவதே இதற்குக் காரணம்.

1991இல் ஆல்ப்ஸ் மலையின் பனிக்கட்டியிலிருந்து மீட்கப்பெற்ற ‘ஓட்சி’ எனும் மனிதனின் உடைமைகள் இதற்கு விதிவிலக்கு. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவனுடைய கன்றுத்தோல் இடைக்கச்சையில் ஒரு பை தைக்கப்பட்டிருந்தது. கற்சுரண்டி, துளைகருவி, கற்சில்லு, எலும்புக் குத்தூசி, தீமூட்ட உதவும் காளான் ஆகியன அதனுள் இருந்தன. உறைபனி காத்திராவிடின் கல்லும் எலும்பும் மட்டுமே எஞ்சியிருக்கும்; அவை ஒரே பையில் இடையில் சுமக்கப்பட்டன என்பது தெரியவந்திராது.

தமிழகத்தின் வெப்பநிலத்தில் அத்தகைய பாதுகாப்பு இல்லை. எனினும் இடையில் கருவி தாங்கும் வழக்கம் இங்குப் பனைத்தொழிலில் இன்றும் வாழ்கின்றது. மரத்தைப் பற்றி ஏற இரு கைகளும் வேண்டும்; ஆதலின் பனையேறுவோர் பாளை அரிவாளை இடையில் கட்டிய அரிவாள்பெட்டியில் இட்டே ஏறுகின்றனர். கூரிய அலகு உடலில் படாமல் காப்பதும் அப்பெட்டியே.

அரிவாள் அருங்காட்சியகத்தைச் சென்றடையலாம். பெட்டியைக் கட்டும் முறையும் உயரத்தில் ஒற்றைக் கையால் அரிவாளை எடுத்து மீண்டும் இடும் பயிற்சியும் தொழிலாளர் உடலோடு ஒன்றியவை. பனையேறுவோர் அருகிவரும் இந்நாளில், அவர்களிடமிருந்தே அவற்றைக் கேட்டுப் பதிவுசெய்தல் தொழில்வரலாற்றாய்வின் உடனடிக் கடமையாகும்.