தையல் எந்திரத்திலிருந்து வந்த வார்

பழைய காரின் டைமிங் பெல்ட்டை வீட்டு முற்றத்திலேயே மாற்றுகிறவர், தம்மையறியாமல் பவேரியாவின் டிங்கோல்ஃபிங் ஊருக்குக் கடன்பட்டவர். விதைப்புக் கருவிகள் செய்துவந்த கிளாஸ் நிறுவனம் 1962-இல் தன் 1004 காரில், கேம் தண்டைச் சுழற்ற எஃகுச் சங்கிலிக்குப் பதிலாகப் பல்வைத்த ரப்பர் வாரைப் பூட்டியது. பெருமளவில் உற்பத்தியான கார்களில் அதுவே முதல். அமெரிக்கத் தையல் எந்திரங்களுக்காக 1940-களில் உருவான வகை வார் அது! 1966-இல் பி.எம்.டபிள்யூ. கிளாஸை விழுங்கியது, வார் பிழைத்துக்கொண்டது.

எண்ணெய் படாமல் எஞ்சினுக்கு வெளியே ஓடியதால் அதை மாற்றுவது எளிதாயிற்று. ஆனால், தளர்ந்த சங்கிலி சலசலக்கும். வாரோ சொல்லாமல் அறும். பல எஞ்சின்களில் அக்கணமே பிஸ்டன் மோதி வால்வு வளையும். புது வாரைப் பூட்டியபின்னும், சாவியைத் தொடுமுன் கிராங்கைக் கையால் இருமுறை முழுதாகச் சுழற்றிக் குறிகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அதனால்தான்.