பீரங்கி கழுவிய நீர்

காரைக்கால் என்றவுடன் இலக்கிய வாசகர்களான நமக்கு அம்மையாரும் மாங்கனியும் நினைவுக்கு வருவார்கள், பீரங்கி வராது. ஆனால் இந்தக் கரை பீரங்கியை நன்கறிந்தது. வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர், தெற்கே நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர், இடையே காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் என்று ஒருநாள் நடைத்தொலைவுக்குள் மூன்று கொடிகள் பறந்தன. 1760 ஏப்ரலில் காரைக்கால் ஆங்கிலேயரிடம் வீழ்ந்ததையும், 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக்காரருக்கே மீண்டதையும் வரலாற்று நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. சுட்டு முடித்த பீரங்கியை எதைக் கொண்டு கழுவினார்கள் என்பதை நாம்தான் தேடிச்செல்ல வேண்டியிருக்கிறது.

எதைக் கொண்டு கழுவுவது என்பது அழுக்கு எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. அக்காலத்து வெடிமருந்து ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கலவை. எரிந்தபின் இதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை. பொட்டாசிய உப்புகளாகவும் கரியாகவும் திடப்பொருளாகிவிடுகிறது. அதில் ஒரு பகுதி குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். இந்த உப்புகள் எண்ணெயில் கரையா. தண்ணீரில் எளிதில் கரையும். கழுவாமல் விட்டால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னத் தொடங்கும். ஜன்னல் கம்பியே சில ஆண்டுகளில் உதிரும் உப்பங்காற்று ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆக, ஆற்றுநீரும் கிணற்றுநீருமே முதல் கரைப்பான். காடி கலந்த நீரைப் பயன்படுத்தியதும் உண்டு. படிந்த கசடு காரத்தன்மை கொண்டது என்பதால் புளிப்பு அதனுடன் வினைபுரியும். ஆனால் அப்புளிப்பு உள்ளே தங்கினால் உலோகத்துக்கே கேடு. கடைசியில் நல்ல தண்ணீரால் அலசித்தான் ஆக வேண்டும்.

போர்க்களத்தில் இது துப்புரவு மட்டுமன்று, உயிர்ப் பிரச்சினை. ஒருமுறை சுட்டபின் மருந்துப்பையின் கிழிசல் உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். எனவே திருகுக் கம்பி பூட்டிய கழியால் அதை இழுத்தெடுத்து, கழிமுனையில் கட்டிய ஆட்டுத்தோலை நீரில் தோய்த்து உள்ளே செலுத்துவார் ஒருவர். அந்நேரம் இன்னொருவர் பின்பக்கத்துத் தீத்துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டிருப்பார். விரல் நழுவினால் காற்று ஊடுருவிக் கங்கு உயிர்பெறும்; அடுத்த மருந்தைத் திணிப்பவரின் கை போய்விடும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் மரியாதைக்குச் சுட்ட பீரங்கிகளை எண்ணிக்கையோடு பல இடங்களில் காண்கிறோம். ஒவ்வொரு முழக்கத்துக்கும் பின்னால் இப்படி ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கட்டைவிரலும் இருந்தன என்று சேர்த்துப் படிப்பது நல்லது.

இதே கசடுதான் 1857க்கும் ஒரு காரணம் என்றால் சிலர் வியக்கலாம். என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் திருகு வரிப்பள்ளங்கள் உண்டு. கசடு அவற்றில் இறுகினால் அடுத்த குண்டு உள்ளே இறங்காது. அதை இளக்கி வைக்கவே தோட்டாத்தாளில் கொழுப்புத் தடவினார்கள். அது எந்த விலங்கின் கொழுப்பு என்ற கேள்வி அவ்வாண்டு ஜனவரியில் டம்டம்மில் கிளம்பி மே மாதத்தில் மீரட்டில் வெடித்தது. குழலின் அழுக்கை அறிந்தவர்கள் அதைச் சுமந்த மனிதர்களை அறியவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

பின்னர் மருந்து மாறியது, அழுக்கும் மாறியது. 1884இல் பிரான்சில் போல் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டார். 1886இல் வந்த லெபல் துப்பாக்கி அம்மருந்தைப் பயன்படுத்தியது; 1898 முதல் அதற்குப் பித்தளைக் குண்டு. முதல் உலகப் போரில் பிரெஞ்சிந்தியாவிலிருந்து சென்ற நம்மவர்கள் சேர்ந்த படையின் துப்பாக்கி அதுவே. இப்போது குழலில் ஒட்டியது உப்பு மட்டுமன்று, செம்பு. தண்ணீரோ எண்ணெயோ செம்பைக் கரைக்காது. அம்மோனியாக் கரைசல் காற்றின் துணையோடு அதை நீலநிறமாகக் கரைத்தெடுக்கும். பீரங்கிகளுக்கு அதே போரில் பிரெஞ்சுக்காரர் இன்னொரு வழி கண்டனர்: மருந்தோடு வெள்ளீயத் தகட்டைச் சேர்த்துவைத்தால் படிந்த செம்பு நொறுங்கும் கலவையாகி அடுத்த சூட்டில் வெளியேறிவிடும்.

ஆயினும் தண்ணீர் ஓய்வுபெறவில்லை. தோட்டாவின் அடியிலுள்ள பற்றுமருந்தில் அன்று பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து, சமையலுப்பின் உடன்பிறப்பான பொட்டாசியம் குளோரைடாகப் படியும். எண்ணெயிட்டுத் துடைத்த குழல்களும் ஏன் துருப்பிடிக்கின்றன என்ற நெடுநாள் புதிருக்கு, எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் இந்த உப்பு அப்படியே இருக்கிறது என்று 1922இல் அமெரிக்கச் சுரங்கத்துறையின் ஹஃப் விடை சொன்னார். பிரிட்டிஷ் இந்தியப் படையினர் குழலில் கொதிநீர் ஊற்றியதன் பொருளும் இதுதான்.

தரங்கம்பாடிக் கோட்டையில் கடலைப் பார்த்து நிற்கும் பழம் பீரங்கிகளைக் கண்டவர்கள் நம்மில் பலர் இருப்பர். கடலோரத்துப் பழைய இரும்பில் குளோரைடு உள்ளே ஊறியிருக்கும். அதன்மேல் வண்ணம் பூசினால் எண்ணெய்க்கடியில் உப்பிருந்த கதைதான். காரக்கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, உப்பின் அளவு குறைந்துவிட்டதைச் சோதித்தறிந்த பிறகே பாதுகாப்பாளர்கள் அதற்கு மேற்பூச்சு இடுகிறார்கள்.