சொட்டையை மறைக்கும் ஹேர் ஃபைபர்: எண்ணெய்த் தலைக்கும் ஜொகூர் மழைக்கும் தாங்குமா?

முடி மெலிந்து உச்சந்தலை வெளியே தெரியும்போது அதை மறைக்கத் தூவும் கருப்புப் பொடி இப்போது எளிதாகக் கிடைக்கிறது. ஜொகூர் பாருவின் பேரங்காடிகளுக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. குளுவாங்கிலும் சிகாமட்டிலும் லாபிஸிலும் தோட்டத்துப் பக்கம் இருப்பவர்கள்கூட கைப்பேசியில் தட்டினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். பெண் பார்க்கும் நாள், வேலை நேர்காணல், பிள்ளையின் பட்டமளிப்பு விழா என்று புகைப்படம் எடுக்கும் நேரம் நெருங்கும்போதுதான் பலருக்கும் இதன் நினைப்பு வருகிறது.

இந்தப் பொடி முடியை வளர்க்காது, முடி கொட்டுவதையும் நிறுத்தாது. முகத்துக்குப் பவுடர் போடுவது போல இதுவும் ஓர் ஒப்பனைப் பொருள், அவ்வளவுதான். ஆனால் இணைய விளம்பரங்களில் மறைப்பதும் வளர்ப்பதும் ஒன்றுபோலவே பேசப்படுகின்றன. அதை நம்பி வாங்குபவருக்குப் பணம் போவது சின்ன நட்டம். சில வகை முடி உதிர்வில் வைத்தியம் பார்க்க வேண்டிய மாதங்களே கைநழுவிப் போய்விடும்.

முடி இல்லாத இடத்தை மறைப்பது தமிழருக்குப் புதிய காரியமல்ல. பின்னல் மெலிந்தவர்கள் சவுரி வைத்துப் பின்னிக் குஞ்சலம் கட்டியது பாட்டிமார் காலத்து வழக்கம். நாடக மேடையில் ராஜபார்ட் வேடத்துக்கு டோப்பா உண்டு. நெற்றி ஏறிப்போனவர்கள் கண்மையைத் தொட்டு முன்முடியோரம் தீற்றிக்கொள்வதை இன்றும் கல்யாண வீடுகளில் பார்க்கலாம். 1990-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரான் போப்பீல் என்ற விற்பனையாளர் வழுக்கைத் தலையில் நிறத்தைப் பீய்ச்சியடிக்கும் ஸ்பிரேயைப் பரபரப்பாக விற்றார். அப்போது பலரும் அதைக் கேலி செய்தார்கள். இன்றைய பொருட்கள் அதைவிடப் பக்குவமானவை. டாப்பிக் என்ற ஹேர் ஃபைபரை விற்ற நிறுவனத்தை 2016-இல் அமெரிக்காவின் சர்ச் அண்ட் ட்வைட் என்ற பெரிய கம்பெனி விலைக்கு வாங்கியது. எத்தனை பேர் ஓசையில்லாமல் இதைப் பூசுகிறார்கள் என்பதற்கு அந்த வியாபாரமே சாட்சி.

கடையில் கிடைப்பவற்றில் மூன்று வகையைத்தான் பெரும்பாலும் பார்க்க முடியும். முதலாவது ஹேர் ஃபைபர் எனப்படும் மிக நுண்ணிய நார்த்துகள். சில கம்பெனிகள் இதை ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கெரட்டினில் செய்கின்றன. கெரட்டின் என்பது நம் முடியிலும் நகத்திலும் உள்ள அதே புரதம். பருத்தி முதலிய தாவர நாரில் செய்ததும் உண்டு, ரோமம் வேண்டாம் என்பவர்கள் அதைத் தேடி வாங்கலாம். இந்தத் துகள்கள் நிலைமின்சாரத்தால் இருக்கிற முடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு இழையையும் தடிமனாகக் காட்டுகின்றன. இரண்டாவது, முகப்பவுடர் போல டப்பாவில் அழுத்தி வைத்த பொடி. இதைத் தொட்டுத் தலைத்தோலிலேயே பூச வேண்டும். மூன்றாவது நிற ஸ்பிரே. இவற்றைத் தவிர, பச்சை குத்துவது போல ஊசியால் தலையில் புள்ளி வைக்கும் முறையும் நகரங்களில் வந்துவிட்டது. அது கழுவினால் போகாது. பிடிக்கவில்லை என்றாலும் வருடக்கணக்கில் தலையிலேயே இருக்கும் என்பதால் அவசரப்பட்டு இறங்கக் கூடாது.

ஃபைபர் ஒட்டுவதற்குப் பக்கத்தில் முடி இருக்க வேண்டும். முழுக்க வழுவழுவென்று ஆன உச்சியில் தூவினால் கரி அப்பியது போலத்தான் தெரியும். முன்நெற்றி ஏறியவர்கள் புதிதாக ஒரு முன்முடிக் கோடு வரையப் பார்ப்பதும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வகிடு அகலமான பெண்களுக்கும், உச்சியில் மட்டும் மெலிந்த ஆண்களுக்கும்தான் இது நன்றாகப் பொருந்துகிறது.

நம்மவர்களுக்கு முதல் இடைஞ்சல் தேங்காய் எண்ணெய். எண்ணெய் வைத்த தலையில் ஃபைபர் தூவினால் துகள்கள் முடியில் பரவாமல் திட்டுத்திட்டாகச் சேர்ந்து சேறு போல் ஆகிவிடும். தலைக்குக் குளித்து, முற்றாகக் காயவைத்து, வழக்கம் போல் சீவி முடித்த பிறகே தூவ வேண்டும். ஜெல், கிரீம் போடுவதாக இருந்தாலும் அவை காய்ந்த பிறகுதான் இது. தினமும் எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பழகியவர்கள் பொடி போடும் நாளில் எண்ணெயை விட்டுவிட்டு, இரவில் அதைக் கழுவிய பிறகு வைத்துக்கொள்ளலாம். வகிட்டில் குங்குமம் வைக்கும் பெண்கள் ஃபைபரைத் தூவி முடித்துக் கடைசியாகக் குங்குமம் இடுவது நல்லது. முதலில் வைத்தால் இரண்டும் கலந்து செம்மண் நிறமாகும்.

அடுத்தது நம் ஊர்ச் சீதோஷ்ணம். ஜொகூரில் காற்றின் ஈரப்பதம் வருடம் முழுக்க அதிகம். நிலைமின்சாரப் பிடிப்பு உலர்ந்த காற்றில் நிற்பது போல இங்கே நிற்காது, அதனால்தான் ஃபைபருக்கு மேல் அடிக்கும் பிடிப்பு ஸ்பிரேயையும் சேர்த்து விற்கிறார்கள். குளிரூட்டிய அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு மாலைவரை நிற்கும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவருக்கோ கட்டுமானத் தளத்தில் நிற்பவருக்கோ வியர்வை வழிந்து நெற்றியில் கருப்புக் கோடு இறங்க அதிக நேரம் ஆகாது. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தைச் சொல்லவே வேண்டாம். தூறலைச் சில பொருட்கள் தாங்கும், நனைந்த தலையைத் துவட்டினால் துண்டு கருப்பாகிவிடும்.

தினமும் மோட்டார் சைக்கிளில் காஸ்வே தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹெல்மெட்டே எதிரி. விடியற்காலையில் வீட்டிலேயே தூவிக்கொண்டு கிளம்பினால், பாலத்து நெரிசலைத் தாண்டுவதற்குள் பாதிப் பொடி ஹெல்மெட் பஞ்சில் இருக்கும். வேலையிடத்துக்குப் போய் முகம் கழுவி, முடி காய்ந்த பிறகு தூவிக்கொள்வதுதான் நடக்கக்கூடிய வழி.

நிறத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். முடி கருப்பு என்பதால் அட்டைக் கருப்பையே வாங்குகிறார்கள். வெயிலில் நின்று பார்த்தால் நம்மில் பலருடைய முடி கரும்பழுப்பு. அதன்மேல் அட்டைக் கருப்பு விழுந்தால் பூட்ஸ் பாலிஷ் போட்டது போல இருக்கும். முடியின் வேர்ப்பகுதி நிறத்தோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். நம் தலைத்தோல் மாநிறமாகவோ கருப்பாகவோ இருப்பது இங்கே ஒரு வசதி. வெள்ளைத் தோலில் கருமுடி மெலிந்தால் இடைவெளி பளிச்சென்று தெரியும், நமக்கு அவ்வளவு தெரியாது. ஆகவே போத்தலில் காட்டியிருக்கும் அளவில் பாதியே பலருக்குப் போதும். தூவும்போது கண்ணை மூடி, மூச்சை ஒரு கணம் பிடித்துக்கொள்வது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் பறக்கும் ஃபைபரைவிட அழுத்திய பொடியைப் பயன்படுத்தலாம். தலையில் புண், சீழ், அரிப்பு இருந்தால் எதையுமே பூசக் கூடாது.

மலேசியாவில் ஒப்பனைப் பொருட்கள் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்தின், அதாவது என்.பி.ஆர்.ஏ.வின் கீழ் வருகின்றன. விற்பனைக்கு முன் கம்பெனி அங்கே அறிவித்து எண் பெற வேண்டும். அந்த எண் ‘நாட்’ என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கி ‘கே’ என்று முடியும். பொருளின் பெயரை அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டுத் தேடிப் பார்க்கலாம். எண் இருக்கிறது என்றால் கம்பெனி அறிவித்திருக்கிறது என்று மட்டும் பொருள். அரசாங்கம் முன்கூட்டிச் சோதித்துச் சான்று கொடுத்தது என்று விற்பவர் சொன்னால் அது சரியல்ல. முடி வளர்க்கும் என்று மருந்தைப் போல வாக்குக் கொடுப்பதற்கு ஒப்பனைப் பொருளுக்கு அனுமதி கிடையாது. பதிவு பெற்ற மருந்துக்கு ‘மால்’ என்று தொடங்கும் வேறு எண் இருக்கும். ‘பொடியும் இதுதான், மருந்தும் இதுதான்’ என்று ஒரே போத்தலைக் காட்டுபவரிடம் அந்த மால் எண்ணைக் கேட்டாலே போதும்.

பொடிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. திடீரென்று கொத்தாகக் கொட்டினால், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்று யோசிக்க வேண்டும். டிங்கிக் காய்ச்சல், பிரசவம், அறுவைச் சிகிச்சை, கடுமையான பட்டினி ஆகியவற்றுக்குப் பின் இப்படிக் கொட்டுவது உண்டு. இது பெரும்பாலும் தானாகவே திரும்ப முளைக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும். அதுவரை பொடியால் மறைத்துக்கொள்வதில் தவறே இல்லை. உண்மையில் இந்தப் பொடி மிகவும் உதவுவது இவர்களுக்குத்தான்.

மாதவிலக்கில் அதிக இரத்தம் போகும் பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவாலும், தைராய்டு கோளாறாலும் முடி மெலியலாம். இதோடு களைப்பும், மூச்சு வாங்குவதும், உடல் எடை ஏறுவதோ இறங்குவதோ சேர்ந்தால் தலையைவிட இரத்தத்தைப் பார்ப்பதே முக்கியம். காசு போல வட்டமாக முடி உதிர்வதை நம்மவர்கள் புழுவெட்டு என்பார்கள். அங்கே புழு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்பாற்றலே முடி வேரைத் தாக்குகிறது. சின்ன வெங்காயம் தேய்த்துக்கொண்டே காலத்தைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறு பிள்ளைக்குச் செதில் உரிந்து முடி உடைந்து விழுந்தால் அது படையாக இருக்கலாம். அதற்கு மேல்பூச்சு போதாது, மாத்திரை தேவைப்படும், வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

எரிச்சலும் வலியுமாக இருந்து, முடி போன இடம் மினுமினுவென்று ஆகி, வேர்க்கால் துளைகளே தெரியாமல் போனால் தாமதிக்கக் கூடாது. தழும்பு விழும் வகை இது. அங்கே அழிந்த வேர் திரும்ப வராது. மருத்துவம் செய்வதெல்லாம் மீதியைக் காப்பாற்றத்தான். இந்த இடத்தைப் பொடியால் மூடி ஒரு வருடம் ஓட்டினால் அந்த ஒரு வருடத்தில் போனது போனதுதான்.

காதோரமும் நெற்றியோரமும் மட்டும் மெலியும் பெண்கள் பின்னலை இறுக்கிக் கட்டுகிறார்களா, கனமான சவுரி வைக்கிறார்களா, வேலைக்குப் போகும்போது தலைத்துண்டுக்குள் கொண்டையை இழுத்து முடிகிறார்களா என்று பார்க்கலாம். ஆரம்பத்தில் பிடியைத் தளர்த்தினாலே முடி திரும்பும். பல வருடம் இழுபட்டால் திரும்பாது. மெலிந்ததை மறைக்க வைத்த சவுரியே மேலும் மெலியவைக்கும் விந்தையைத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். மொட்டையடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். தைப்பூசத்துக்கு முடி காணிக்கை கொடுப்பது வேண்டுதல்; வேர்களின் எண்ணிக்கையை அது கூட்டாது.

ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கைக்கு இரண்டு மருந்துகள் நன்கு சோதிக்கப்பட்டவை. மினோக்சிடில் முதலில் இரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் ரோமம் வளர்ந்ததைக் கண்டு தலையில் தடவும் மருந்தாக மாற்றி, 1988-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு 1997-இல் அனுமதி கிடைத்தது. பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைத் தொடக்கூட வேண்டாம் என்பது எச்சரிக்கை. மினோக்சிடில் தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும், பலரும் அப்போது பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும், நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். அந்த நான்கு மாத இடைவெளிக்குத்தான் ஃபைபர் கைகொடுக்கிறது. ஆனால் மருந்தை முதலில் தடவி, முழுதாகக் காய்ந்த பிறகே பொடி தூவ வேண்டும். பொடிக்கு மேல் மருந்தை ஊற்றினால் அது தோலைச் சேராது.

இரவில் சாம்பு போட்டுக் கழுவிவிட்டுத் தூங்குவது நல்லது. எம்.ஆர்.ஐ. பரிசோதனை இருந்தால் முதல் நாளே நன்றாக அலச வேண்டும். சில பொடிகளின் நிறமிகளில் இரும்பு இருப்பதால் படம் கலங்கலாம்.

அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். தேவைப்பட்டால் அங்கிருந்து ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தோல் பிரிவு போன்ற இடங்களுக்குக் கடிதம் கொடுப்பார்கள். கிளினிக்குக்குப் போகும் அன்று பொடியும் எண்ணெயும் இல்லாத தலையோடு போக வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், ஆறு மாதத்துக்கு முன் எடுத்த படம் ஒன்றையும் கையோடு கொண்டுபோனால் மருத்துவரின் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.