பெட்டியில் வராத திருமலை

1942 ஏப்ரல் 9 என்றால் திருமலையில் பலருக்குத் தெரியும். ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள். 1944 ஓகஸ்ட் 8 என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே யோசிப்பார்கள். அன்று எதிரி எவனும் வராமலேயே நம் துறைமுகத்துக்குள் ஒரு பிரித்தானியப் பெரும் போர்க்கப்பல் சேதப்பட்டது. அதைத் தூக்கிக்கொண்டிருந்த மிதக்கும் டொக் முறிந்து கடலுக்குள் தாண்டு போனது.

வரலாற்று மன்றப் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் இப்போது அந்த நாளைத்தான் மாதிரி வடிவில் செய்துகொண்டிருக்கிறோம். "சேர், கப்பல் பெட்டியோடயே வருதே, ஒட்டினா முடிஞ்சுதானே?" என்று ஒரு பிள்ளை கேட்டார். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். வேலியன்ட். சீனாவின் ட்ரம்பீட்டர் கம்பனி இதை 700இல் ஒரு பங்கு அளவில் விற்கிறது. ஒட்டி முடித்தால் 28 சென்ரிமீற்றர் வரும். ஆனால் பெட்டியில் 1939 என்று போட்டிருக்கிறது. முதலாம் உலக யுத்தக் காலத்துக் கப்பலை 1937 முதல் இரண்டு வருடத்துக்கு மேலாகப் பிரித்துப் புதுப்பித்து முடித்த நேரத்துக் கோலம் அது. நமக்குத் தேவை 1944. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் அந்தக் கப்பல் பட்டதெல்லாம் அதன் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. 1941 மார்ச்சில் மட்டபான் முனைச் சண்டையில் இருட்டில் நின்ற இத்தாலியக் கப்பலைக் கண்டுபிடித்தது இதன் ராடர்தான். 1939 பெட்டியில் ராடரே கிடையாது. அதே வருடம் டிசம்பரில் அலெக்சாந்திரியாவில் இத்தாலியச் சுழியோடிகள் அடியில் வெடி வைத்தார்கள். விமானத்துக்குப் பயந்து தளமெங்கும் 20 மில்லிமீற்றர் ஓர்லிகன் துப்பாக்கிகளை நட்டார்கள். கப்பலோடு இருந்த சின்ன விமானங்களை இறக்கிவிட்டார்கள்.

ஆகவே சிலதை வெட்டி எறிய வேண்டும், சிலதை வாங்க வேண்டும், சிலதை நாமே செய்ய வேண்டும். வாங்கியது இரண்டே பொருள். ஒன்று, கடைந்தெடுத்த எட்டுப் பித்தளைப் பீரங்கிக் குழாய்கள். மற்றது, பித்தளைத் தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்த கைப்பிடி வேலி. ஒரு மீற்றர் உயர வேலி இந்த அளவில் ஒன்றரை மில்லிமீற்றர்கூட இல்லை. மூச்சு விட்டால் பறக்கும்! ராடர் கம்பிகளைப் பிள்ளைகள் செய்கிறார்கள். பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுதிரியில் காட்டி இழுத்தால் தலைமயிர் மாதிரி நூல் வரும், அதுதான்.

இவ்வளவு செய்தும் கையில் இருப்பது ஒரு கப்பல் மட்டுமே. திருமலை இன்னும் வரவில்லை. அது எந்தப் பெட்டியிலும் வராது.

டொக்கை முழுக்க முழுக்கக் கையால்தான் செய்ய வேண்டும். அதன் துண்டுகள் பம்பாயில் செய்யப்பட்டு, இங்கே நம் டொக்யாட்டில் பொருத்தப்பட்டன. இரண்டு பக்கமும் சுவர், அடியில் வெறும் தொட்டிகள். தொட்டிகளுக்குள் தண்ணீர் விட்டால் டொக் அமிழும், கப்பல் உள்ளே வரும். பிறகு தண்ணீரைப் பம்ப் பண்ணி வெளியேற்றினால் கப்பலையும் தூக்கிக்கொண்டு மேலே எழும். எந்தத் தொட்டியை எப்போது காலியாக்குவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. கப்பலின் பாரம் எல்லா இடத்திலும் ஒன்றல்லவே.

ஜூலை 25 அன்று சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கிய கப்பல்களில் வேலியன்டும் ஒன்று. சரியாக இரண்டு கிழமை கழித்து இந்த டொக்கில் ஏறியது. பீரங்கிக் குண்டுகளை இறக்காமலே ஏற்றினார்கள். 35,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல். தொட்டிகளைக் காலியாக்கிய ஒழுங்கு அந்தப் பாரத்துக்குப் பொருந்தவில்லை. டொக்கின் முதுகு முறிந்தது. கப்பலின் கொதிகலன்களில் நீராவி தயாராக இருந்தபடியால் பெரிய அழிவிலிருந்து தப்பியது. ஆனாலும் உள்பக்கத்து இரண்டு புரொப்பெல்லர்களும் ஒரு சுக்கானும் இறுகிப் போயின. நேராக ஓட முடியாமல், மணிக்கு எட்டுக் கடல் மைல் வேகத்துக்கு மேல் போகவும் முடியாமல் சுயஸ் வரை போனது. கால்வாய்க்குள் நுழைய முடியவில்லை. சுழியோடி தண்ணீருக்குள் இறங்கி அந்த இரண்டு தண்டுகளையும் வெட்டிவிட்ட பிறகு, ஆபிரிக்காவைச் சுற்றித்தான் ஊர் போய்ச் சேர்ந்தது.

அதனால் எங்கள் மாதிரியில் முக்கியமான இடம் பீரங்கி அல்ல, கப்பலின் அடிப்பக்கம். கண்காட்சிகளில் யாரும் குனிந்து பார்க்காத இடம். பிள்ளைகளுக்கு டொக் முறிகிற நொடியைக் காட்ட ஆசை. பாதி எழும்பிய நிலையில், முறிவதற்குச் சற்று முன்னே நிறுத்துவோம் என்றோம். முறிந்ததைக் காட்டினால் பார்க்கிறவர் "ஐயோ" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். முன்னே நிறுத்தினால் எந்தத் தொட்டி, ஏன் என்று கேட்பார்.

அடுத்து ஆட்கள். இந்த அளவில் ஒரு மனிதர் இரண்டரை மில்லிமீற்றர். கடையில் வாங்கலாம், ஆனால் அவை சீருடை போட்ட கடற்படையினர். டொக்யாட்டில் சுத்தியல் பிடித்தவர்கள், பெயின்ற் அடித்தவர்கள், கயிறு இழுத்தவர்கள் அதில் இல்லை. எல்லாப் புத்தகத்திலும் கப்பலைப் பற்றி நாலு வரி, "யாரும் சாகவில்லை" என்று ஒரு வரி. யார் யார் நின்றார்கள் என்று ஒரு வரியும் இல்லை. ஆகவே செப்புக் கம்பியில் சாரன் கட்டிய ஆட்களை நாங்களே செய்கிறோம். இதுவரை பதினேழு பேர்.

முறிந்த டொக்கின் எச்சம் இன்றும் நம் துறைமுகத்தின் அடியில் கிடக்கிறது. பிரித்தானியர் 1957இல்தான் திருமலைத் தளத்தை விட்டுப் போனார்கள். அதுவரை டொக்யாட்டில் வேலை பார்த்த மூத்தவாப்பாமாரின் பாஸ், சம்பளத் துண்டு, குறூப் போட்டோ ஏதாவது திருமலையிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால், கரையான் பிடிக்க முன்னர் ஒரு படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். எந்தப் பகுதியில், என்ன வேலை, எந்த வருடம் என்பதையும் எழுதுங்கள். பதினெட்டாவது ஆளை எங்கே நிறுத்துவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.