நெப்போலியனைக் கடித்த நாய்



போன வாரம் எங்கள் வீட்டு அப்பு, என் பிரெவே சான்றிதழின் ஒரு மூலையைத் தின்றுவிட்டான். கிட்டத்தட்ட அறுபது வருஷமாகக் கறையான், புயல், வீடு மாற்றம் எல்லாவற்றுக்கும் தப்பிய காகிதம் அது. அப்புவுக்கு வயது ஐந்து மாதம். செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடியதே, அந்த 'பக்' ஜாதி. இதற்கு முன்பே மூன்று ஜோடி செருப்பு, ஒரு நாற்காலிக் கால், என் கண்ணாடிக் கூடு எல்லாம் போயாச்சு. அதட்டினால் உறுமுகிறான்.

"கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துடலாம்" என்றேன். என் மனைவி பதில் சொல்லவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. ஜோசபின் வளர்த்த நாய் ஞாபகத்துக்கு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது ஆஸ்தர்லித்ஸ், இயெனா, வாக்ராம் என்று நெப்போலியன் ஜெயித்த போர்களை வரிசையாக ஒப்பித்திருக்கிறோம். அவர் ஒரு நாயிடம் தோற்ற கதையை யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது.

அதுவும் பக் ஜாதிதான். பெயர் ஃபோர்த்யூனே, அதாவது அதிர்ஷ்டசாலி. அந்தக் காலத்து பக்குகளுக்கு இன்றைக்கு இருப்பதைவிட மூக்கும் காலும் கொஞ்சம் நீளம். 1796 மார்ச் 9-ஆம் தேதி நெப்போலியன் ஜோசபினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை வந்து சேர்ந்ததே இரண்டு மணி நேரம் தாமதம். இரவு படுக்கையறைக்குப் போனால் கட்டிலில் ஃபோர்த்யூனே! இறக்கிவிடப் பார்த்தார், நடக்கவில்லை. நாயோடு படுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்பதுதான் அம்மாளின் தீர்ப்பு. அவர் இணங்கினார், நாய் இணங்கவில்லை. காலில் கடித்துவிட்டது. பிற்பாடு இத்தாலியில் நெப்போலியன் தழும்பைக் காட்டி இதைச் சொன்னதாக, அர்னோ என்ற எழுத்தாளர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

ஒரு நாய்க்கு இவ்வளவு செல்லமா என்று கேட்கலாம். 1794-இல் புரட்சியின் பயங்கர நாட்களில் ஜோசபின் பாரீஸில் கார்ம் சிறையில் இருந்தார். முதல் கணவர் அலெக்சாந்தர் ஜூலை 23 அன்று கில்லட்டினில் தலையிழந்தார். அடுத்து தன் முறை எப்போது என்று தெரியாத அந்த நாட்களில், அவருடைய பிள்ளைகள் யூஜேனும் ஓர்த்தான்ஸும் ஃபோர்த்யூனேவைச் சிறைக்குள் அனுப்புவார்களாம். கழுத்துப்பட்டியின் அடியில் கடிதம் இருக்கும். அந்த நாயைக் கட்டிலிலிருந்து இறக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

1797-இல் மிலான் அருகே மொம்பெல்லோவில் ஃபோர்த்யூனே, சமையற்காரரின் பெரிய நாயோடு வம்புக்குப் போய்ச் செத்தது. ஜோசபின் சீக்கிரமே இன்னொரு பக் வளர்த்தார். தன் நாயைத் தோட்டத்துப் பக்கமே விடுவதில்லை என்று சமையற்காரர் நடுங்கிக்கொண்டு சொல்ல, அதை அவிழ்த்துவிடு, புதியதையும் அது ஒழித்துக்கட்டட்டும் என்றாராம் நெப்போலியன்.

இதை நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. போன வருஷம் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவி கட்டிலே கதியென்று கிடந்தாள். டாக்டர் சொல்லி நடக்கவில்லை. நான் கெஞ்சியும் நடக்கவில்லை. அப்பு வந்த பிறகு, அவனை வெளியே கூட்டிப்போக வேண்டுமே என்று தெருமுனை வரை நடக்கிறாள். மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்கும் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஆனால் அவன் போக்கிலேயே விட்டுவிடவும் இல்லை. நான்கு முதல் ஆறு மாதத்தில் குட்டிகளுக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும், ஈறு ஊறும், அதனால் கடிக்கும். பழைய துண்டை நனைத்து முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கிறோம். செருப்பெல்லாம் அலமாரிக்குள். கடித்து முடித்த பிறகு திட்டுவதில் பயனில்லை. எதற்குத் திட்டு என்று அதற்குப் புரியாது. வாயில் இருப்பதைப் பிடுங்கினால்தான் உறுமுவான். பதிலுக்கு ஒரு கேரட் துண்டை நீட்டினால் தானே விடுகிறான். கையைக் கவ்வினால் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது முக்கியம்.

சான்றிதழை லேமினேட் செய்தாயிற்று, மூலை இல்லாமல்தான். என் மனைவி தன் கையாலேயே அதைச் சுவரில் உயரமாக மாட்டினாள். நாற்காலி மேல் ஏற வேண்டாம் என்று கத்தினேன். கேட்கவில்லை.